சர்வர் அறையைக் கண்காணிக்கும் சென்சர்கள்: எங்கே வைப்பது, எப்படி இணைப்பது, யாரை எழுப்புவது

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்துவரும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள அறை, சர்வர்களை அடுக்கிய மூன்று இரும்பு ரேக்குகள், ஏறக்குறைய 5 கிலோவாட் மின்சுமை, சுவரில் இரண்டு ஏர்கோன்கள். ஒரு விடுமுறை நாளில் மின்சாரம் சற்று நேரம் போய்த் திரும்பியதில் ஏர்கோன்கள் இரண்டும் நின்றவை நின்றபடியே இருந்துவிட்டன, யு.பி.எஸ். தாங்கியதால் சர்வர்கள் மட்டும் இடைவிடாமல் ஓடியிருக்கின்றன. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது சர்வர்கள் சூட்டில் தாமாகவே அணைந்திருந்தன, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகியிருந்தன. எந்தச் சென்சர்களை வாங்குவது, எங்கே பொருத்துவது, நெட்வொர்க்கில் எப்படி இணைப்பது, சர்வர்களை அணைக்கும் வேலையைத் தானியக்கமாக விடலாமா என்பவை அவருடைய கேள்விகள். தாம் கடலுக்கு மறுகரையிலுள்ள பட்டர்வொர்த்தில் குடியிருப்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். என் பதிலை அங்கிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

பெரும்பாலானோர் சென்சர் பட்டியலோடு கடைக்குப் போகிறார்கள். நான் மறுமுனையிலிருந்து வரச் சொல்வேன்: எச்சரிக்கை வந்த பிறகு அந்த அறைக்குள் யார், எவ்வளவு நேரத்தில் வந்து நிற்க முடியும்? அதற்குமுன், அறை உங்களுக்கு எவ்வளவு நேரம் தரும்? இரண்டாவது கேள்விக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உங்கள் அறையின் உயரம் 2.7 மீட்டர் என்று கொண்டால் கொள்ளளவு சுமார் 32 கன மீட்டர்; அதிலுள்ள காற்றின் எடை ஏறக்குறைய 39 கிலோ; அந்தக் காற்றை ஒரு பாகை சூடாக்க 39 கிலோஜூல் போதும். 5 கிலோவாட் என்பது நொடிக்கு 5 கிலோஜூல். ஆக, காற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எட்டு நொடிக்கு ஒரு பாகை வீதம், நிமிடத்திற்கு ஏழு பாகைக்கும் மேல் ஏறும். சுவரும் ரேக்கின் இரும்பும் சர்வர்களின் உலோகமும் வெப்பத்தின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் உங்களிடம் இருப்பது மணிக்கணக்கல்ல, நிமிடங்கள் என்பதை இந்தக் கணக்கு தெளிவாக்கிவிடுகிறது. பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தைக் கடந்து ஜெலுத்தோங் வந்து, கீழ்க் கதவைத் திறந்து மாடியேறுவதற்குள் அந்த நிமிடங்கள் தீர்ந்துவிடும். தைப்பூசத்தன்று இரத ஊர்வலத்துக்காகச் சாலைகள் அடைபட்டிருக்கும்போது நீங்களும் வர முடியாது, ஏர்கோன் பழுதுபார்ப்பவரும் வர முடியாது. எனவே உங்கள் அமைப்பிடம் மூன்று திறன்கள் இருந்தாக வேண்டும்: வெப்பம் ஏறுவதற்கு முன்பே கோளாறை உணர்வது, அருகில் உள்ள ஒருவரை எழுப்புவது, ஒருவரும் வராவிட்டால் சுமையைத் தானே குறைப்பது. இனி வரும் ஒவ்வொரு பரிந்துரையும் இவற்றுக்காகத்தான்.

அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஷ்ரே எனப்படும் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டுதல், சர்வருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்கப் பரிந்துரைக்கிறது. நுழையும் காற்று என்பதைக் கவனியுங்கள். அறையின் நடுச்சுவரில் மாட்டிய வெப்பமானி காட்டும் எண்ணுக்கும் சர்வர் உள்ளிழுக்கும் காற்றுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ரேக்கின் பின்புறத்திலிருந்து வெளியேறும் சூடான காற்று, மூடப்படாத காலி இடுக்குகள் வழியாகவும் ரேக்கின் தலைக்கு மேலாகவும் சுற்றி முன்பக்கம் வந்துவிடும். அதனால்தான் மேல் தட்டிலுள்ள சர்வர் முதலில் பாதிக்கப்படுகிறது. சுவர் ஏர்கோன் வைத்த சிறிய அறைகளில் ஒரே ரேக்கின் அடிக்கும் தலைக்கும் ஐந்தாறு பாகை வேறுபடுவது சாதாரணம். ஒவ்வொரு ரேக்கின் முன்கதவிலும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு சென்சர் கட்டாயம். சுமை அதிகமுள்ள ரேக்கில் நடுவிலும் அடியிலும் மேலும் இரண்டு. அதே ரேக்கின் பின்புற மேற்பகுதியில் ஒன்று. சென்சரின் முனை ரேக்கின் உலோகத்தைத் தொடாமல், கதவுக்கும் சர்வருக்கும் இடையிலான காற்றில் நிற்க வேண்டும். இரும்புத் தூணோடு நாடா போட்டு ஒட்டினால் இரும்பின் வெப்பத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் உங்கள் அறைக்கு நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது ரேக்கில் பொருத்தும் சென்சர்களை அல்ல. ஒவ்வொரு ஏர்கோனின் குளிர்காற்று வெளிவரும் வாயில் ஒரு சென்சரும், அது காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் இன்னொன்றும் பொருத்துங்கள். நல்ல நிலையிலுள்ள சுவர் ஏர்கோனில் இவ்விரண்டுக்கும் பொதுவாக 8 முதல் 12 பாகை வரை வேறுபாடு இருக்கும். கம்ப்ரெஸர் நின்று உள்விசிறி மட்டும் சுழன்றால் அந்த வேறுபாடு சில நிமிடங்களில் சுருங்கிப் பூச்சியத்தை நெருங்கிவிடும். இரண்டாவது ஏர்கோன் அப்போது அறையைத் தாங்கிக்கொண்டிருப்பதால் ரேக்கின் சென்சர்கள் எதையும் காட்டாது, இந்த ஒன்றுதான் காட்டும். ஒற்றைக் கோளாறை அது ஒற்றையாக இருக்கும்போதே பிடிப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. குளிரூட்டும் வாயு கசிந்தாலும் வடிகட்டியில் தூசி அடைத்தாலும் வாரக்கணக்கில் மெல்ல நகரும் மாற்றத்தை இதே இரண்டு கோடுகளில் படிக்கலாம். இன்வெர்ட்டர் வகை ஏர்கோன்களில் சுமைக்கேற்ப வேறுபாடு தானாகவே ஏறி இறங்கும் என்பதால், முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை வைக்காமல் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு வரம்பைத் தீர்மானியுங்கள்.

ஈரப்பதத்தில்தான் நம் ஊருக்குத் தனிக் கவனம் தேவை. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் காற்று வறண்டு நிலைமின்சாரம் உண்டாவதைப் பற்றி நிறையப் பேசும்; பினாங்கில் அந்தக் கவலை அநேகமாக வேண்டியதில்லை. இங்கே பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. ஆஷ்ரேயின் பரிந்துரையும் ஈரப்பத விழுக்காட்டோடு நிற்காமல், பனிநிலை 15 பாகையைத் தாண்டக்கூடாது என்கிறது. அதன் தரப்பிரிவில் கடுமையான கட்டுப்பாடுள்ள ஏ1 வகைக் கருவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 17 பாகை. விழுக்காட்டை மட்டும் நம்பினால் என்னாகும் என்று பாருங்கள். 20 பாகையில் 70 விழுக்காடு காட்டும் அதே காற்று, 27 பாகைக்குச் சூடானதும் 46 விழுக்காடு காட்டும். ரேக்கின் பின்னால் 35 பாகையில் 29 விழுக்காடு காட்டும். காற்றிலுள்ள நீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று இடத்திலும் பனிநிலை ஒன்றே, ஏறக்குறைய 14.4 பாகை. ஆகவே ஈரப்பதம் அளக்கும் சென்சர் ரேக்குக்கு ஒன்றாகத் தேவையில்லை. முன்பக்கத்தில் தரமான ஒன்றும், சரிபார்ப்புக்கு இன்னொன்றும் போதும். பனிநிலையைச் சென்சரே கணக்கிட்டுத் தராவிட்டால் கண்காணிப்பு மென்பொருளில் ஒரு சூத்திரமாக எழுதிக்கொள்ளலாம். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது, நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் கிடைக்கும் எண் ஒரு பாகைக்குள் சரியாக இருக்கும்.

இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடும் விஷயமல்ல. ஏர்கோன் நின்றதும் பதறிப்போய் எல்லோரும் செய்வது, கதவை அகலத் திறந்து மேசை விசிறியை வைப்பது. வெளியே 31 பாகையும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலை 26 பாகை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் உட்பகுதி அதைவிடச் சூடாக இருப்பதால் அதற்கு உடனடி ஆபத்தில்லை. ஆனால் அணைத்து வைத்த சர்வர், ரேக்கின் அடித்தட்டு, ஏர்கோனின் நேர் வீச்சில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் ஆகியவை இன்னும் 20 பாகையில் இருக்கும். அவற்றின் மேல் நீர் படியும். சூட்டில் தாமாக அணைந்த சர்வர்களை அறை திறந்து கிடக்கும்போதே மீண்டும் இயக்குவது இதனால்தான் கூடாது. முதலில் ஏர்கோனை இயக்கிப் பனிநிலையை இறக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். விசிறி வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட பகுதியிலிருந்து காற்றை உள்ளே தள்ளினால் அது நல்ல உதவி. வெளிக்காற்றை உள்ளே விடுவதுதான் வேறு கதை.

தண்ணீருக்கு ஒரு கயிற்றுச் சென்சர் போதும். ஏர்கோனின் வடிகுழாய் பாசி அடைத்து, தட்டு நிரம்பி, சுவர் வழியே நீர் இறங்குவது இங்கே அன்றாடம் காணும் பழுது. எனவே கயிற்றை இரண்டு ஏர்கோன்களுக்கும் நேர் கீழே சுவரோரமாக ஓடவிட்டு, மேல்மாடிக் கழிப்பறைக் குழாய் இறங்கும் மூலை ஏதும் இருந்தால் அதுவரை நீட்டுங்கள். இந்தக் கயிறு இரண்டு கம்பிகளுக்கிடையே நீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்தே வேலை செய்கிறது. ஏர்கோனிலிருந்து சொட்டும் நீரோ காற்றிலிருந்து ஒடுங்கிய, ஏறக்குறைய உப்பில்லாத நீர்; குழாய் நீரில் உடனே அலறும் கயிறு அந்த நீரில் தாமதிக்கலாம். சோதிக்கும்போது வடிகுழாயில் பிடித்த நீரையே ஊற்றிப் பாருங்கள். தரைத்தளத்தில் அறை வைத்திருப்பவர்களுக்கு 2017 நவம்பர் வெள்ளம் நினைவில் இருக்கும். அவர்களுக்குக் கயிறு போதாது, ரேக்கின் அடியில் உயரம் வேண்டும்.

இவை தவிர ஒரு கதவுச் சென்சரும், ஏர்கோன்களுக்குப் போகும் மின்சாரம் உள்ளதா என்று காட்டும் சென்சரும் வேண்டும். யு.பி.எஸ். தன் நெட்வொர்க் அட்டை வழியாக மின்வெட்டைச் சொல்லிவிடும். ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகும் ஏர்கோன் திரும்பவில்லை என்பதை அது சொல்லாது. உங்களுக்கு நேர்ந்தது அதுதான். சென்சர் வாங்கும் முன்பே உங்கள் ஏர்கோன்களில் மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும் வசதி இருக்கிறதா, இருந்தால் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இரண்டையும் வெவ்வேறு மின்சுற்றுகளில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். புகை உணரும் சென்சரைப் பொறுத்தவரை, இந்தக் கண்காணிப்பு அமைப்பு கட்டடத்தின் தீ எச்சரிக்கை அமைப்புக்கு மாற்றாகாது. அதை அதற்கான முறைப்படியே வையுங்கள்.

இனி இணைப்பு. இன்றே, ஒரு காசு செலவின்றித் தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது: உங்கள் சர்வர்கள் ஒவ்வொன்றிலும் நுழைகாற்று வெப்பநிலையை அளக்கும் சென்சர் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், அதை ஐ.பி.எம்.ஐ. அல்லது ரெட்ஃபிஷ் என்ற சர்வர் மேலாண்மை இடைமுகங்கள் வழியாகப் படிக்கலாம். ஸாபிக்ஸ், லிப்ரே என்.எம்.எஸ்., புரோமீதியஸ் என எந்தக் கண்காணிப்பு மென்பொருளை வைத்திருந்தாலும் இதைச் சேர்த்துவிடலாம். சர்வரோடு சேர்ந்தே அது மறைந்துவிடும் என்பதால் தனிச் சென்சருக்கு மாற்றாகாது; ஆனால் வாங்கும் சென்சர் சொல்வது சரியா என்று ஒப்பிட நல்ல துணை.

தனிச் சென்சர்களுக்கு, உங்கள் அளவு அறைக்கு நான் பரிந்துரைப்பது, நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரம் பெறும் ஒரு மையப் பெட்டியும் அதிலிருந்து கம்பியில் நீளும் சென்சர்களும். கம்பி வழியாக அந்த மின்சாரத்தைத் தரும் பி.ஓ.இ. ஸ்விட்ச் யு.பி.எஸ்.ஸில் இருந்தால் பெட்டிக்கும் மின்வெட்டில்லை. ரேக்குகள் பத்தைத் தாண்டும் பெரிய அறைகளில், ஒரே இரட்டைக் கம்பியில் பல சென்சர்களைக் கோத்து நூற்றுக்கணக்கான மீட்டர் கொண்டுபோகக்கூடிய ஆர்.எஸ்.-485 மோட்பஸ் முறை பொருத்தமானது; உங்களுக்கு அது தேவையில்லை. கம்பியில்லாச் சென்சர்களை நான் தவிர்க்கச் சொல்வேன். இரும்பு ரேக்கின் உள்ளே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தடுமாறும். பேட்டரி தீர்வது எப்போதும் நீண்ட விடுமுறையில்தான் கண்ணில் படாமல் போகும். வேறு வழியில்லாமல் வாங்கினால் மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் சான்று உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவுக்கான 868 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் எட்டும் கம்பியில்லா முறை) கருவியை இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டு லோரா கருவிகள் இயங்குவது 923 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்.

இ.எஸ்.பி.-32 என்ற சிறிய, மலிவான கணினிப் பலகையில் சொந்தமாகச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், நன்றாகவே வேலை செய்யும்; ஆனால் சில நுணுக்கங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். டி.எஸ்.18பி20 என்ற வெப்பச் சென்சர் மலிவானது, அரைப் பாகைக்குள் துல்லியமானது, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருப்பதால் ஒரே கம்பியில் பலவற்றைக் கோக்கலாம். மின்சாரம் சற்றுத் தடுமாறி அது மறுபடி தொடங்கினால், அளவெடுக்கும் முன் கேட்பவர்க்குச் சரியாக 85 பாகை என்று பதில் சொல்லும். இணைப்பு அறுந்தால் பரவலாகப் புழங்கும் மென்பொருள் தொகுப்பு கழித்தல் 127 என்று காட்டும். இவ்விரண்டையும் வெப்பநிலை என்று எண்ணி நள்ளிரவில் எழுந்து ஓடாதீர்கள். அதே சமயம் வடிகட்டி வீசியும் விடாதீர்கள். இவை சென்சர் பழுது என்ற தனி எச்சரிக்கையாக வர வேண்டும். ஈரப்பதத்துக்கு டி.எச்.டி.22-ஐவிட எஸ்.எச்.டி.31 நம்பகமானது. சென்சரைப் பலகையின் மேலேயே பொருத்தாமல் ஒரு முழம் கம்பியில் தள்ளி வையுங்கள். பலகையின் சூடு அளவைக் கெடுக்கும். எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறை வழியாக அனுப்பினால், கடைசி மதிப்பைச் சேமித்து வைக்கும் வசதியில் ஓர் ஆபத்து உண்டு: சென்சர் செத்துப்போன பிறகும் திரையில் 23 பாகை என்று அமைதியாக நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு அளவோடும் நேரத்தையும் அனுப்புங்கள். மூன்று நிமிடத்திற்கு மேல் பழையதானால் அதுவே எச்சரிக்கை.

மௌனமும் எச்சரிக்கையாக வேண்டும் என்ற இந்த விதியை அமைப்பு முழுமைக்கும் விரித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கருவிகள் தம் நிலையைத் தெரிவிக்கும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில், ட்ராப் என்பது கருவி தானாக அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத ஒற்றைச் செய்தி. நெட்வொர்க் தடுமாறும் நேரத்தில்தான் அது தேவைப்படும், அப்போதுதான் அது தொலையும். நிமிடத்திற்கு ஒருமுறை நீங்களே கேட்டுப் பெறுவதை அடிப்படையாக வைத்து, ட்ராப்பைக் கூடுதலாக மட்டும் வையுங்கள். கண்காணிப்பு மென்பொருள் அதே அறையிலுள்ள சர்வரில் ஓடினால், அந்த அறை விழும்போது அதுவும் விழும். எனவே அறைக்கு வெளியே, இணையத்தில் உள்ள ஒரு சேவைக்கு நிமிடத்திற்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு, அதாவது இயங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற சிறு செய்தி அனுப்புங்கள். துடிப்பு நின்றால் அந்தச் சேவை உங்களை அழைக்கட்டும். இணைய இணைப்பே போனால் குறுஞ்செய்தி அனுப்ப 4ஜி மோடம் ஒன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். சென்சர்ப் பெட்டியைத் தனி விலேனில் (மற்ற கருவிகளிலிருந்து பிரித்த உள்வலையில்), இணையத்துக்கு வழியில்லாமல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றி, முடிந்தவரை எஸ்.என்.எம்.பி. மூன்றாம் பதிப்பில் வையுங்கள். இந்தப் பெட்டிகளின் மென்பொருள் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடப்பது.

வரம்புகளைப் பொறுத்தவரை என் பரிந்துரை இது. நுழைகாற்று 27 பாகையை ஐந்து நிமிடம் தாண்டினால் முன்னறிவிப்பு. 30 பாகை அல்லது ஐந்து நிமிடத்தில் மூன்று பாகை ஏற்றம் என்றால் தொலைபேசி அழைப்பு. ஏற்றத்தின் வேகத்தை அளப்பது முக்கியம், அதுதான் உங்களுக்குச் சில நிமிடங்களை மீட்டுத் தரும். அழைப்பு ஒருவருடைய தொலைபேசியை ஒலிக்கச் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் விழும் செய்தியை எல்லோரும் பார்ப்பார்கள், இன்னொருவர் கவனித்துக்கொள்வார் என்று எல்லோருமே நினைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஏற்பு வராவிட்டால் அடுத்தவருக்குப் போகட்டும். அந்த வரிசையில் முதல் ஆள் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. ஜெலுத்தோங்கிலேயே குடியிருக்கும் ஒரு சக ஊழியர், இல்லாவிட்டால் கட்டடத்தின் பாதுகாவலர், உங்களுக்கு முன்பே கதவைத் திறந்து ஏர்கோனின் பொத்தானை அழுத்திவிடுவார். கதவின் உட்புறத்தில் படங்களோடு, மலாய் மொழியில் நான்கு வரி எழுதி ஒட்டுங்கள். காவலர் நேப்பாளத்தவராக இருந்தால் அந்தப் படங்களே போதும். ரிமோட்டைச் சுவரில் கட்டி வையுங்கள்.

தானியக்கமாக அணைப்பதைத் தயங்காமல் வையுங்கள், ஆனால் படிப்படியாக. பெரும்பாலான சர்வர்களின் கையேடு 35 பாகை வரை அனுமதிக்கிறது. 32 பாகையில் சோதனைச் சர்வர்களும் காப்புநகல் எடுக்கும் சர்வரும் முறையாக அணையட்டும். இதன் பயன் அந்தச் சர்வர்களைக் காப்பதில் மட்டும் இல்லை. அறையில் கொட்டப்படும் வெப்பம் குறைவதால் மற்றவற்றுக்கு நேரம் கிடைக்கிறது. 5 கிலோவாட் மூன்றானால், ஓடுகிற ஒரே ஏர்கோன் அதைத் தாங்கிவிடவும் கூடும். 35 பாகையில் மற்றவை அணையட்டும், சேமிப்பகம் கடைசியாக. ஒரே சென்சரின் சொல்லைக் கேட்டு அணைக்கக் கூடாது. இரண்டு வெவ்வேறு ரேக்குகள், அல்லது ஒரு ரேக்கும் சர்வரின் சொந்தச் சென்சரும் ஒத்துச் சொல்ல வேண்டும். மீண்டும் இயக்குவதை மட்டும் மனிதர் கையில் விட்டுவிடுங்கள்.

பொருத்துவதற்கு முன் எல்லா வெப்பச் சென்சர்களையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரு நாள் ஒரே இடத்தில் வைத்து, ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டித் தூளும் நீரும் கலந்த குவளையில் அமிழ்த்தினால் பூச்சியப் பாகை சரிதானா என்று தெரிந்துவிடும். நீர் புகாத முனை உள்ளவற்றுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஈரப்பதச் சென்சரை, ஈரமான உப்புக் கூழோடு மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைத்தால் 25 பாகையில் 75 விழுக்காடு காட்ட வேண்டும். சமையல் உப்பே போதும், சென்சர் அதைத் தொடக்கூடாது. தணிக்கைக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால் சாம் எனப்படும் மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரே ஒரு வெப்பமானியை அளவீடு செய்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிடலாம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், நிர்வாகத்திடம் முன்அனுமதி பெற்று, காப்புநகல் எடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நீங்கள் அறையில் இருக்கும்போதே ஏர்கோன்கள் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். நுழைகாற்று 30 பாகையைத் தொட்டதும் மறுபடி இயக்குங்கள். தொடக்கத்தில் போட்ட கணக்குக்குப் பதிலாக உங்கள் அறையின் உண்மையான நிமிடங்கள் அந்த வரைபடத்தில் கிடைக்கும். வரம்புகளை அதற்கேற்பத் திருத்துங்கள். வெயில் கடுமையான மாதத்தில் ஒருமுறையும், சர்வர் கூட்டும் போதெல்லாம் ஒருமுறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். அதே நாளில் சென்சர்ப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கி, யாருடைய தொலைபேசி எத்தனை நிமிடத்தில் ஒலிக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள்.